பூட்டு விழுந்த கோப்பு

திருவனந்தபுரத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம் பலரும், ஒரே கோப்பைச் சர்வர் எனப்படும் பொதுக் கணினியில் வைத்துத் திருத்துகிறோம். ஒருவருடைய மென்பொருள் இடையில் நின்றுவிட்டால், மற்றவர் திறக்கும்போது ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பே எதிர்ப்படும். இஃது ஏன்?

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பு 2001-இல் தொடங்கிவைக்கப்பெற்றது இந்நகரிலேயே. அவ்வகை மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கேரளப் பள்ளிகளிலும் வழங்குகிறது. அதில் ஒரு கோப்பைத் திறந்ததும், அருகிலேயே மறைவான சிறு பூட்டுக் கோப்பு ஒன்று உண்டாகிறது. திறந்தவர் பெயர், கணினியின் பெயர், நேரம் ஆகியன அதில் பதிவாகின்றன. முறைப்படி மூடினால் அது மறையும். மென்பொருள் திடீரென நின்றால் தங்கிவிடும்.

அதனை உடனே நீக்கலாமா? கூடாது. பெயருக்குரியவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தால், இருவருள் ஒருவர் உழைப்பு அழிந்துபோகும். முதலில் அவரைக் கேட்டறிவோம். சேமிக்காத பக்கங்களை மீட்கும் வாய்ப்பு அவருடைய கணினியில்தான் உண்டு. ஆதலின் மீட்புப் பணியை அவரே முடிக்கட்டும். பிறகு மூலக் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, பூட்டுக் கோப்பை மட்டும் நீக்குவோம்.

அப்போதும் திறவாவிடில், பழைய இணைப்பைச் சர்வரே விடாது பிடித்திருக்கக்கூடும். அதன் பொறுப்பாளர் திறந்துள்ள கோப்புகளின் பட்டியலைப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் துண்டிப்பார். சர்வர் முழுவதையும் நிறுத்தினாலோ, அவ்வேளையில் எழுதிக்கொண்டிருக்கும் அனைவர் பணியும் கெடும்.

தில்லியிலோ மும்பையிலோ பணிபுரியும் நேயர்களுக்கும் முறை இதுவே: கேட்டறிதல், மீட்டல், படியெடுத்தல், பூட்டை நீக்குதல் இறுதியில்.