சிவப்பு விளக்கு பொய் சொல்கிறதா?

பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்ப்பதும், வாய்க்கால் வெட்டுவதும், பாதை போடுவதும் இன்று எக்ஸ்கவேட்டர் எனப்படும் மண்வாரி இயந்திரத்தின் வேலை. பால் வாளி சுமந்தவர்களின் பிள்ளைகள் சிலர் இப்போது அந்த இயந்திரத்தில் அமர்ந்து பிழைப்பு நடத்துகிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தியை இன்று பார்ப்போம்.

நண்பகல் வெயில். வேலை பாதியில் இருக்கிறது. திடீரென்று மீட்டர் பலகையில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். உடனே, "சென்சார் கெட்டிருக்கும், ஓட்டு" என்பார் ஒருவர். "வயரைக் கழற்றிவிடு, விளக்கு அணைந்துவிடும்" என்பார் இன்னொருவர். இயந்திரத்தை நிறுத்தினால் அன்றைய கூலி போகிறது. நிறுத்தாமல் ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சினே போகலாம். அதைப் பிரித்துச் சீர்செய்யப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். பழியும் ஓட்டுநர் தலையில்தான் விழும். ஆகவே விளக்கு மெய் சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று கண்டறியும் முறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எண்ணெய் அழுத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். லயத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தால் தண்ணீர் வேகமாக வரும். பத்துக் குழாய்களையும் திறந்துவிட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான். எஞ்சினும் அப்படியே. அடித்தொட்டியில் உள்ள எண்ணெயைப் பம்பு உறிஞ்சி, வடிகட்டி வழியாகப் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி பெரிதாகி எண்ணெய் எளிதாக ஒழுகிவிடும், அழுத்தம் இறங்கும். எண்ணெய் குறைந்தாலும், டீசல் கலந்து நீர்த்துப்போனாலும், உறிஞ்சும் வலை அடைத்தாலும், பம்பு தேய்ந்தாலும் இதே கதைதான்.

அழுத்தத்தைக் கண்காணிப்பது எஞ்சினில் திருகப்பட்டிருக்கும் சிறு கருவி. பழைய இயந்திரங்களில் அது ஒற்றை வயர் கொண்ட சுவிட்ச். உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் வில்சுருளும் உண்டு. அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் மூடியிருக்கும், விளக்கு எரியும். எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் சவ்வு தள்ளப்பட்டுச் சுவிட்ச் திறக்கும், விளக்கு அணையும். புதிய இயந்திரங்கள் பலவற்றில் மூன்று வயர் கொண்ட சென்சார் இருக்கிறது. அது அழுத்தத்தின் அளவை மின்னழுத்தமாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது.

இனிச் சோதனைக்கு வருவோம். வரிசை முக்கியம்.

முதற்படி, நிறுத்துவது. வாளியைத் தரையில் இறக்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இந்தக் குழியை முடித்துவிட்டு" என்ற பேச்சே கூடாது.

இரண்டாம் படி, எண்ணெயைப் பார்ப்பது. இயந்திரம் சமதரையில் நிற்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். அளவு குறைந்திருக்கிறதா? ஒழுகும் இடம் உண்டா? அளவு கூடியிருந்தால் அதுவும் நல்லதன்று. எண்ணெயை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் எரிபொருள் கலக்கிறது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இந்த இரண்டில் எதைக் கண்டாலும் எஞ்சினை மீண்டும் ஓட்டக் கூடாது.

மூன்றாம் படி, சாவிச் சோதனை. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஒற்றை வயர் சுவிட்ச் உள்ள இயந்திரத்தில் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ, ஃபியூஸோ, வயரோ, சுவிட்சோ கெட்டிருக்கிறது. இதுதான் மிகவும் ஆபத்தான பழுது. பொய்யாக எரியும் விளக்கு ஒரு நாள் வேலையைக் கெடுக்கும். எரியாத விளக்கு எஞ்சினையே கெடுக்கும்.

நான்காம் படி, வயர்ச் சோதனை. சாவி திருப்பிய நிலையில் சுவிட்சின் வயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ தோல் உரிந்து இரும்பில் உரசுகிறது. கழற்றிய வயரின் நுனியை எஞ்சின் உடம்பில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் வயரும் விளக்கும் நலம். செருகியின் உள்ளே எண்ணெய் கசிந்திருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. சுவிட்சை மாற்ற வேண்டியதுதான். ஆனால் மூன்று வயர் சென்சாரில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதற்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்ட் மட்டுமே. வயரை இரும்பில் தொட்டால் கணினி கெடலாம். அதை வோல்ட் மீட்டர் கொண்டு பயிற்சி பெற்றவர் பார்க்கட்டும்.

ஐந்தாம் படிதான் தீர்ப்பு. எஞ்சின் ஆறிய பின் சுவிட்சைக் கழற்றி, அதே திருகில் முள் காட்டும் அழுத்த மானியைப் பொருத்தி எஞ்சினை ஓட்டுங்கள். பத்து விநாடிக்குள் முள் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஏறினால், எஞ்சின் சூடான பிறகும் பாருங்கள். பல டீசல் எஞ்சின்களில் மெதுவோட்டத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தலும், முழு ஓட்டத்தில் 40 முதல் 60 ராத்தலும் காணலாம். மெக்கானிக்குகள் இதைப் பி.எஸ்.ஐ. என்பார்கள். உங்கள் இயந்திரத்துக்கு உரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும்; அதுவே முடிவு. அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், விளக்கு பொய் சொன்னது. சுவிட்சை மாற்றினால் போதும். மானியும் குறைவாகக் காட்டினால் விளக்கு மெய் சொன்னது. அப்போது புதிய சுவிட்ச் வாங்குவது வீண் செலவு.

விளக்கு எப்போது எரிகிறது என்பதும் ஒரு துப்பு. குலுங்கும்போது மட்டும் மினுக்கினால் வயரைச் சந்தேகியுங்கள். காலையில் நன்றாக இருந்து, சூடேறிய பின் மெதுவோட்டத்தில் மட்டும் எரிந்தால் எண்ணெய் நீர்த்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கைகளையும் வாளியையும் அசைப்பது வேறு எண்ணெய். அது ஹைட்ராலிக் எண்ணெய். அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5,000 ராத்தல் அளவுக்கும் போகும். அந்தக் குழாயிலுள்ள சென்சாரைத் தவறிக் கழற்றினால், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எது எஞ்சின் சென்சார் என்று உறுதியாகத் தெரியாமல் எதிலும் ஸ்பானர் வைக்காதீர்கள்.

இந்தத் தொழிலை முறையாகக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் பாலிடெக்னிக் ஈப்போவில்தான் உள்ளது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிலையமும் ஈப்போவில் உண்டு. பட்டறையில் கற்ற கைப்பழக்கத்தோடு மலேசியத் திறன் சான்றிதழும் சேர்ந்தால் சம்பளம் பேசும்போது பலம் கூடும்.

கடைசியாக, ஓட்டுநர் ஒவ்வொருவரும் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது, மணி மீட்டர் என்ன காட்டியது, எஞ்சின் சூடா குளிரா, எண்ணெய் எவ்வளவு இருந்தது, யாரிடம் சொன்னோம் என்பதை அன்றே எழுதுங்கள். மெக்கானிக்குக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். நாளை முதலாளி, "நீதானே ஓட்டிக் கெடுத்தாய்" என்று கேட்டால், கையில் காட்ட அது ஒரு சான்றாகவும் இருக்கும். எழுத நேரமில்லை என்பவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் மாலையில் எழுதித் தரலாம்.