யார் இந்த சர்வபள்ளி கோபால்? நேருவின் கதையை எழுதிய 'அரசு' வரலாற்றாசிரியர்

திருப்பதி மிஷன் பள்ளியில் படித்த, திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை எல்லோருக்கும் தெரியும். திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டம்தான். அவருடைய ஒரே மகன் கோபால் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கோபால், வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு இயக்குநராக இருந்தார். 1959-ல் சீனாவுடன் எல்லைச் சிக்கல் முற்றியதும் லண்டன் போய்ப் பழைய ஆவணங்களைப் புரட்டினார். அக்சாய் சின் மீது இந்தியாவுக்கு வலுவான ஆதாரம் இருக்கு என்று நேருவிடம் சொன்னார். அது சரியா என்ற வாதம் இன்னும் ஓயல.

பிறகு ஜே.என்.யூ. பேராசிரியர். நேரு வாழ்க்கை வரலாறு 3 தொகுதிகள்; முதல் தொகுதிக்கு 1976-ல் சாகித்ய அகாடமி விருது. 1984-ல் வந்த மூன்றாவதில்தான் சீனப் போர் வருது. தானே பங்கெடுத்த விவகாரத்தைத் தானே எழுதணும், சங்கடம்தானே?

1989-ல் அப்பாவைப் பற்றி எழுதியபோது, அவருடைய மணவாழ்வின் குறைகளையும் கோபால் மறைக்கவில்லை.