அப்டேட்டுக்குப் பின் நீலத்திரை: ஃபார்மட் போடும் முன்...



"கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைதானே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று அக்கம்பக்கத்தார் கூப்பிடாத மாணவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. மெக்கானிக்கல் படிப்பவரையும் யாரும் விடுவதில்லை! எங்கள் பொட்டிபுரத்திலும் போடி கடைவீதியிலும் நான் அதிகம் கேட்ட குறை ஒன்றுதான். "அப்டேட் ஆச்சு தம்பி. அதுலேர்ந்து ஆன் ஆகுது, நீலமா வருது, திரும்ப ஆஃப் ஆகுது." இதற்குப் பெரும்பாலோர் கைவசம் வைத்திருக்கும் வைத்தியமும் ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடு." அது கடைசி வைத்தியம் என்பதே என் கட்சி.

முதலில், இயந்திரம் ஏன் மொத்தமாக விழுகிறது? நாம் திறக்கும் சாதாரண புரோகிராம் தவறு செய்தால் இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். ஆனால் டிரைவர்கள் பலவும் கெர்னல் எனப்படும் உள்மையத்தில் ஓடுகின்றன. அங்கே ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டால், எது கெட்டிருக்கிறது, எது சரி என்று நம்ப வழியில்லை. ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிப்பவர் தவறு செய்தால் அவரை மட்டும் எழுப்பி அனுப்பலாம். உலையறையில் தீப்பிடித்தால் ஸ்டோரையே மூடத்தான் வேண்டும். நீலத்திரை (2025-இல் விண்டோஸ் 11 இதைக் கறுப்பாக மாற்றிவிட்டது) நம் ஃபைல்கள் மேலும் கெடாமலிருக்க இயங்குதளம் தானே போடும் பூட்டு.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2024 ஜூலை 19. அன்று வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு ஃபைலை அனுப்பியது. அது விண்டோஸின் அப்டேட் அல்ல. ஆனால் விழுந்தது விண்டோஸ்தான். உள்ளே நடந்தது இவ்வளவே: அந்த ஃபைல் 21-ஆவது மதிப்பு ஒன்றைக் கேட்டது, மென்பொருள் கொடுத்து வைத்திருந்ததோ 20 மட்டும். இல்லாத இடத்தைப் படிக்கப்போய் கெர்னல் விழுந்தது. அந்த டிரைவர் பூட் ஆகும்போதே ஏறுவது. ஆகவே ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி அதே ஃபைல், மறுபடி விழுதல். 10.57-க்கே நிறுவனம் ஃபைலைத் திருப்பி எடுத்துவிட்டது. பயன்? நெட்வொர்க்கைத் தொடுமுன்னே விழுந்துகொண்டிருந்த இயந்திரத்துக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். சென்னை உட்பட நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவில் 10 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மட்டுமே சிறிதளவு பாதிக்கப்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

இவ்வளவு பெரிய சேதத்துக்கு மருந்து என்ன தெரியுமா? சேஃப் மோடில் ஏறி, அந்த 291-ஆம் எண் ஃபைலை அழிப்பது. ஃபார்மட் அல்ல! எது புதிதாக வந்ததோ அதை மட்டும் எடுப்பது.

இதே கணக்கு சின்னக் கடைக்கும் பொருந்தும். போடியில் எனக்குத் தெரிந்த ஒரு ஏலக்காய் வியாபாரியின் கடையில் இதே தொல்லை. விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம், வரவேண்டிய பாக்கி எல்லாம் அந்த ஒரே பெட்டியில். சர்வீஸ் கடையில் "ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லிவிட்டார்களாம். "அண்ணே, பேக்கப் இருக்கா?" என்றேன். "அப்படின்னா என்னப்பா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திரையில் கீழே வரும் ஸ்டாப் கோடை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றே. ஒவ்வொரு தடவையும் ஒரே கோடு வந்தால் டிரைவர் அல்லது மென்பொருள் மீது சந்தேகப்படுங்கள். தடவைக்கொன்றாக மாறினால் ராம், பவர் சப்ளை, சூடு பக்கம் போங்கள். இது சட்டமல்ல, நல்ல துப்பு. பூட் பாதியில் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்கு வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் அரைமணி நேரம் விழாமல் நின்றது. சேஃப் மோடில் ஏறுவது அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டுமே, டிஸ்ப்ளேகூட சாதாரணமானது. ஆக, அங்கே ஏறாத ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. முதல் வேலையாகக் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்தோம். பிறகு டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் டிஸ்ப்ளே டிரைவரின் தேதி புதிது, அப்டேட்டோடு வந்திறங்கியது. ரோல் பேக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். நின்றது. அண்ணன் வாங்கித் தந்த டீ ஆறிப்போயிருந்தது, அது வேறு விஷயம்.

சேஃப் மோடிலும் விழுந்திருந்தால்? அதே ரிப்பேர் திரையில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் உண்டு. கடைசியாக வந்ததை அங்கிருந்தே கழற்றலாம். அப்படியும் விழுந்தால் அப்டேட்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஹார்ட்வேரைப் பாருங்கள். பெரிய அப்டேட் ஹார்ட் டிஸ்கில் ஜிபி கணக்கில் எழுதும். ஏற்கெனவே நோயாளியான டிஸ்க் அன்றைக்குத்தான் படுக்கும். பழி அப்டேட்டுக்கு! ராம் பலகையைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள். மலையடிவாரத்தில் காற்றும் மழையுமான மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வரும். அப்டேட் பாதியில் நின்று இயங்குதளத்தின் ஃபைல்கள் அரைகுறையாகிப் போவது தனிக் கேஸ். அதற்கு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை. யூபிஎஸ் இல்லாத கடைக்காரரிடம் அப்டேட்டை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடுவது வேறொரு ஆபத்து. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஓட்டை அடைக்கப்படாத பெட்டியில் கணக்கெழுதுவது பூட்டில்லாத கல்லாப்பெட்டி மாதிரி.

இன்னொன்று. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரிப்பேர் திரையில் சேஃப் மோடுக்குப் போகவே 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். 2024-இல் பல அலுவலகங்களில் தாமதம் ஆனது இதனால்தான். கீ அந்த லேப்டாப்புக்குள்ளேயே இருந்தால் பிரயோஜனமில்லை; ஒரு தாளில் எழுதி வீட்டில் ரேஷன் கார்டோடு வையுங்கள்.