பாஸ் கையில் இருக்க, பயம் எதற்கு?

வெளிநாட்டில் மொழி படிக்கப் போகிறவரின் கஷ்டம் என்றதும் வீட்டு ஞாபகம், வாய்க்கு ஒவ்வாத சாப்பாடு, நாக்குக்குப் பிடிபடாத உச்சரிப்பு என்றுதான் சொல்வோம். இவை சில மாதங்களில் தாமாகத் தணிந்துவிடும். தணியாத கஷ்டங்கள் வேறு வகை: திரும்பி வராத அறை முன்பணம், மொழி மையத்தின் இழுப்பறையில் கிடக்கும் கடப்பிதழ், பாதியில் நின்றுபோன வகுப்புக்குக் கட்டிய கட்டணம், பேசியபடி தராத சம்பளம். கோலாலம்பூருக்கு ஆங்கிலமோ மலாயோ படிக்க வரும் தமிழ்நாட்டு, இலங்கை இளைஞர்கள் இதைப் பற்றி வாய் திறந்தால், "வந்த இடத்தில் அனுசரித்துப் போ" என்ற புத்திமதிதான் கிடைக்கிறது. அந்தப் புத்திமதி தவறு. இந்தக் கஷ்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மலேசியாவில் ஒரு சட்டமும் மனுக் கொடுக்க ஓர் இடமும் உண்டு. மாணவர் அனுசரித்துப் போவதால் லாபம் பார்ப்பவர் வேறொருவர்.

பட்டப்படிப்புக்கு வருபவருக்கு மூன்று நான்கு ஆண்டுகள், ஒரு வளாகம், மூத்த மாணவர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் எல்லாம் இருக்கும். மொழி படிக்க வருபவருக்குப் பெரும்பாலும் கடைவீட்டு மாடியில் சில வகுப்பறைகளும் சில மாதப் படிப்பும்தான். நாட்டில் தங்க அவருக்குள்ள அனுமதியான மாணவர் பாஸ் முழுவதும் அந்த ஒரே நிறுவனத்தை நம்பி இருக்கிறது. இது மலேசியாவுக்கு மட்டுமே உரிய வழக்கமல்ல. கிள்ளானிலிருந்து ஸ்பானிய மொழி படிக்க ஸ்பெயினுக்குப் போகும் மாணவர் மலேசியக் கடப்பிதழை வைத்து எந்த 180 நாளிலும் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். அதற்கு மேல் நீளும் படிப்பு என்றால் மாணவர் விசா வேண்டும், அந்த விசாவுக்குச் சேர்ந்த பள்ளியின் கடிதம் வேண்டும். மலேசியாவில் மாணவர் பாஸ் விண்ணப்பங்களைக் கவனிப்பது, உயர்கல்வி அமைச்சின் கீழ் 2012-இல் அமைக்கப்பட்ட எஜுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ், சுருக்கமாக இஎம்ஜிஎஸ். விண்ணப்பத்தை அனுப்புவது நிறுவனம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அந்த நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சின் அனுமதி இருக்க வேண்டும். வகுப்பு வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பாஸைப் புதுப்பிப்பது சிக்கலாகும். வேறு மையத்துக்கு மாறுவதென்றாலும் பழைய மையம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். இப்படி ஒரே கையில் இத்தனை சாவிகள் இருப்பதால்தான், நியாயமான கேள்வியைக்கூட மாணவர் கேட்கத் தயங்குகிறார்.

அதனால் பாதுகாப்பு விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம் என்ற சலுகை சுற்றுலாப் பயணிக்கு நல்லது. முகவருக்கு அதைவிட நல்லது. "இப்போது சும்மா வந்து இறங்கு, பாஸை அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பணம் வாங்குவது அவருக்கு எளிதாகிவிட்டது. முறையான வழி அப்படி இல்லை. முதலில் நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம், பிறகு இஎம்ஜிஎஸ் வழியாக விசா ஒப்புதல் கடிதம், அதன் பின்னரே பயணம், வந்து இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை. விண்ணப்பம் உண்மையிலேயே போடப்பட்டிருந்தால், இஎம்ஜிஎஸ் இணையதளத்தில் கடப்பிதழ் எண்ணையும் நாட்டையும் கொடுத்தால் அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று விழுக்காட்டுடன் காட்டும். முகவர் ஆயிரம் சமாதானம் சொல்லட்டும். அந்தத் திரையில் பெயர் வரவில்லை என்றால் விண்ணப்பம் போடப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். முப்பது நாள் கழிந்து பாஸ் இல்லாமல் தங்கினால், 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றத்துக்கு ஆளாகிறவர் மாணவர்தான். முகவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

அடுத்தது கடப்பிதழ். "பத்திரமாக இருக்கட்டும், எங்களிடமே கொடுத்து வை" என்று மையமோ முதலாளியோ வாங்கி வைத்துக்கொள்வது இங்கே ஏதோ சம்பிரதாயம்போல நடக்கிறது. 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின் 12(1)(எஃப்) பிரிவின்படி, இன்னொருவருக்கு வழங்கப்பட்ட கடப்பிதழைச் சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்; தண்டனை 10,000 ரிங்கிட்வரை அபராதம், ஐந்தாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். இந்தியக் கடப்பிதழ் அதை வைத்திருப்பவரின் சொத்துகூட அல்ல. 1967 இந்தியக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி அது இந்திய அரசுக்குச் சொந்தம். அதை அடகாகப் பிடித்து வைக்க மொழி மையத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. பாஸ் வேலைக்காக மையம் சில நாள் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். சரிதான், வாங்கலாம். வாங்கும்போது தேதி, காரணம், திருப்பித் தரும் நாள் மூன்றும் எழுதிய ரசீது ஒன்றைத் தரட்டும். ரசீது தர மறுக்கிற இடத்தில் கடப்பிதழைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. முன் பக்கத்தையும் பாஸ் விவரத்தையும் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வைப்பது ஐந்து நிமிட வேலை.

வேலை விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முழுநேர வெளிநாட்டு மாணவருக்கான விதி இறுக்கமானது: ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம்வரை, உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, ஹோட்டல் போன்ற இடங்களில் வேலை பார்க்கலாம், கல்லாவில் உட்காரக் கூடாது. நிறுவனத்தின் வழியாகக் குடிநுழைவுத் துறையிடம் முன்கூட்டியே ஒப்புதலும் வாங்க வேண்டும். மொழிப் பயிற்சிப் பாஸில் வந்தவர் இந்தச் சலுகை தமக்கும் உண்டென்று தாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது; எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கோலாலம்பூரின் தமிழர் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸைக் காட்டி, "அங்கே எல்லாரும்தானே செய்கிறார்கள்" என்பது வழக்கமான பதில். செய்கிறார்கள்தான். ஆனால் குடிநுழைவுத் துறையின் சோதனை நடக்கும் இரவில் அதைச் சொல்லித் தப்ப முடியாது. பாஸ் நிபந்தனையை மீறுவது 1963 குடிநுழைவு ஒழுங்குமுறைகளின் 39(பி) விதியின்கீழ் குற்றம். படிப்பும் அதோடு போகும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும்: "படிக்க என்று சொல்லி வேலைக்கு வந்தவன்தானே, அவனுக்கு என்ன உரிமை?" சிலர் அப்படி வருவது உண்மை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் ஊரில் முகவர் சொன்னதை நம்பி, 'படிப்போடு வேலை' என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கி வந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் செய்த குற்றமும் அவருக்குச் செய்யப்பட்ட குற்றமும் வேறு வேறு. 1955 வேலைச் சட்டத்தில் 2023 முதல் நடைமுறைக்கு வந்த 90பி பிரிவு, மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரை வேலை செய்ய வைத்து அந்த இடத்தைவிட்டு வெளியேற விடாமல் தடுப்பதைக் கட்டாய உழைப்பு என்கிறது. தண்டனை 1 லட்சம் ரிங்கிட்வரை அபராதம், இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். அளவு மீறிப் போனால் 2007 மனிதக் கடத்தல் எதிர்ப்புச் சட்டமும் இருக்கிறது. மாணவர் விதி மீறினார் என்பதற்காக முதலாளியின் குற்றம் கழிந்துவிடாது. ஆனால் பாஸ் சிக்கலோடு இருப்பவர் தனியாகக் குடிநுழைவு அலுவலகத்துக்கு நடந்து போவது புத்திசாலித்தனம் அல்ல. முதலில் ஒரு வழக்கறிஞரையோ, 1991-இல் ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனிதா போன்ற தொழிலாளர் உரிமை அமைப்பையோ, தம் நாட்டுத் தூதரகத்தையோ கலந்துகொள்ள வேண்டும்.

கட்டண விவகாரத்தில் மாணவரின் கை பலர் நினைப்பதைவிட ஓங்கியே இருக்கிறது. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட்வரையிலான கோரிக்கையை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், இணையத்திலும் செய்யலாம். 'எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது' என்று பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய தனிப் பகுதி 2011 முதல் அதே சட்டத்தில் இருக்கிறது. மையம் தன் பக்கத்தை நிறைவேற்றாமல் பணத்தை மட்டும் வைத்துக்கொள்ள அந்தப் பொடி எழுத்து கடைசிச் சொல் ஆகிவிடாது. மன்றத்தில் பேசப்போவது தாள்: சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, வகுப்பு அட்டவணை, வகுப்பு நின்றபோது வந்த வாட்ஸ்அப் செய்தி. முகவரிடம் ரொக்கமாகக் கொடுத்துத் துண்டுச் சீட்டுகூட வாங்காத பணத்துக்கு எந்த மன்றமும் அதிகம் செய்ய முடியாது. கட்டணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் கட்டச் சொல்வது இதனால்தான்.

அறை வாடகையில் நிலைமை இவ்வளவு சாதகமாக இல்லை. குடியிருப்பு வாடகைக்கென்று ஒரு தனிச் சட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே இருக்கிறது. வழக்கம் என்னவென்றால் இரண்டு மாத முன்பணம், அரை மாத மின்சார நீர் வைப்பு, முதல் மாத வாடகை. 600 ரிங்கிட் அறைக்கு உள்ளே போகும்போதே 2,100 ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டும். காலி செய்யும்போது அதில் 1,500 திரும்ப வேண்டும். சுவரில் ஆணித் துளை, மெத்தையில் கறை என்று கழிப்பதெல்லாம் அப்போதுதான் தொடங்கும். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு மூலையையும் காணொளியாக எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட்டால் பாதிச் சண்டை குறையும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைப்பதில் சிக்கல் வரும். 5,000 ரிங்கிட்வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை உண்டு, அங்கும் மனுதாரர் தாமே பேசலாம். 1950-ஆம் ஆண்டுக் குறித்துரைத்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் பூட்டை மாற்றி வாடகைதாரரை வெளியே தள்ள வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'இந்தியர் வேண்டாம்' என்ற பொருள்பட வரும் வாடகை விளம்பரங்களைத் தனியார் வீட்டில் தடுக்கும் தெளிவான சட்டம் இன்றில்லை. அந்த அவமானத்துக்கு உடனடி நிவாரணம் இருப்பதாகச் சொன்னால் அது பொய்.

இப்படி ஒதுக்கப்படுவதாலேயே மாணவர்கள் பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானாவையும் நாடுகிறார்கள். தமிழில் கேட்டுத் தமிழில் வாங்கி, வாழை இலையில் சாப்பிட்டு, கோயில் மணி கேட்டு வாழலாம். முதல் மாதத்தில் அந்த ஆறுதலுக்கு ஈடில்லை. அதைக் குறைத்துப் பேசுவது கல்நெஞ்சம். ஆனால் அதற்கு விலையும் உண்டு. 'நம்மாள்' என்ற ஒரே காரணத்துக்காக ரசீது கேட்காமல் பணம் கொடுப்பதும், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் இந்தச் சூழலில்தான் அதிகம். வாடகை ஒப்பந்தமும் மையத்தின் விதிகளும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். படிக்க வந்த மொழியில் முதலில் வாசிக்க வேண்டிய பாடம் தாம் கையெழுத்துப் போட்ட தாள் என்று மையங்களே கற்பிக்கலாம். எந்தப் பாடநூலையும்விட அது சீக்கிரம் மனத்தில் பதியும்.

"புகார் செய்தால் பாஸை ரத்துச் செய்துவிடுவார்கள், பேசாமல் இரு" என்ற கடைசி மறுப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி, நகலை இஎம்ஜிஎஸ்ஸுக்கும் அனுப்பச் சொல்கிறோம். பாஸ் செல்லுபடியாக இருந்து வருகைப் பதிவும் சரியாக இருக்கும் மாணவரை, முன்பணம் கேட்டதற்காக நாட்டைவிட்டு அனுப்ப எந்தச் சட்டமும் இல்லை. இந்திய மாணவர்களுக்குத் தூதரகத்தின் வழியாக இந்திய சமூக நல நிதியும், புகார் பதிவு செய்ய மதத் இணையதளமும் உண்டு. மனம் தாங்கவில்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

சோதனையில் பிடிபட்டாலும் உரிமை முடிந்துவிடுவதில்லை. மலேசிய அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு குடிமகன் என்று மட்டும் சொல்லாமல் 'எந்த நபரும்' என்கிறது. கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும்; விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் விட வேண்டும். குடிமக்களை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அந்தக் கெடு 14 நாள். அந்த 14 நாளில் தூதரகத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வெளியே ஒருவர் வேண்டும். ஆகவே கடப்பிதழ், பாஸ், சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள்.