வள்ளம் ஊருக்கு, கோப்பை யாருக்கு?

4 நிமிடம் 29.785 விநாடி. 4 நிமிடம் 29.790 விநாடி. கேரளத்தின் 2024 நேரு கோப்பைப் படகுப் போட்டியில் காரிச்சால் சுண்டன் வள்ளம் முதலில் வந்ததும், வீயபுரம் சுண்டன் இரண்டாவதானதும் இந்த வித்தியாசத்தில்தான். காரிச்சாலுக்கு அது 16-வது கோப்பை. படகுப் போட்டிப் பிரியர்கள் இன்னும் அந்தக் கடைசி ஐந்து மீட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வள்ளத்தில் உட்கார்ந்து துடுப்பு போட்டவர்கள் யார் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பள்ளாத்துருத்தி போட் கிளப். இதே கிளப் 2018-ல் பாயிப்பாடன், 2019-ல் நடுபாகம், 2022-ல் மகாதேவிகாடு காட்டில் தெக்கேதில், 2023-ல் வீயபுரம் என்று வருஷத்துக்கொரு வள்ளத்தில் ஏறி ஜெயித்திருக்கிறது. கொரோனாவால் நின்றுபோன இரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டால், வரிசையாக ஐந்து கோப்பைகள். வள்ளம் ஐந்து, கிளப் ஒன்று. முந்தின வருஷம் தாங்கள் ஜெயிக்கவைத்த வீயபுரத்தையே அடுத்த வருஷம் எதிர் வரிசையில் நின்று தோற்கடித்தார்கள். 2025-ல் வீயபுரம் மறுபடி ஜெயித்தது. அப்போது அதில் ஏறியது கைனகரியின் வில்லேஜ் போட் கிளப்.

அப்படியானால் காரிச்சால் என்கிற ஊர் எதை ஜெயித்தது?

பங்குப் பணமும் மீனெண்ணெயும்

குட்டநாட்டில் சுண்டன் வள்ளம் ஒரு முதலாளியின் சொத்தாக இருப்பது குறைவு. சில வள்ளங்கள் பழைய குடும்பங்களின் தறவாட்டுப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பெரும்பாலானவை ஊர் கூடி, கமிட்டி போட்டு, வீட்டுக்கு வீடு பங்கு பிரித்து வாங்கியவை. வளைகுடாவில் இருக்கிற பையன் அனுப்பிய பணமும் அதில் உண்டு, தேங்காய் விற்ற காசும் உண்டு. நூறடிக்கு மேல் நீளம். குமரி மாவட்டத்தில் அயனி என்கிறார்களே, அந்த ஆஞ்ஞிலி மரம். பின்புறம் பாம்பு படமெடுத்த மாதிரி நிமிர்ந்து நிற்கும் அமரம். தச்சுக்கூலியும் மரமும் சேர்ந்து ஒரு புது வள்ளத்தின் செலவு ஒரு கிராமத்தை நன்றாகவே உலுக்கிவிடும்.

வாங்கியதோடு முடிவதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி வள்ளம் கரையேறி வள்ளப்புரை என்கிற கொட்டகையில் கிடக்கும். மழைக்காலம் நெருங்கும்போது ஊர்க்காரர்கள் அடிப்பலகையைச் சுரண்டித் தேய்த்து, மீனெண்ணெயும் முட்டை வெள்ளைக்கருவும் சிரட்டைக் கரியும் குழைத்துப் பூசுவது பழைய வழக்கம். அந்த வாடை கைவிரலில் நாள்கணக்கில் நிற்கும். பலகை வழுக்க வழுக்கத்தான் தண்ணீர் விலகும் என்பது கணக்கு. பூசுகிற கைகள் இன்றைக்கும் ஊருடையவை. பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

உட்காரும் பலகை யாருடையது?

ஒரு சுண்டனில் துடுப்பு போட எண்பது, தொண்ணூறு பேர் வேண்டும். அதற்குமேல் அமரக்காரர்கள், தாளம் இடிப்பவர்கள், பாட்டுக்காரர்கள். அந்தக் காலத்தில் இவர்களைத் தேட வேண்டியிருந்ததில்லை. வயலுக்குப் போகவும் வள்ளம், மணல் வாரவும் வள்ளம், கல்யாணத்துக்குப் போகவும் வள்ளம். ஊன்றுகோலும் துடுப்பும் பிடித்தே வளர்ந்த தோள்கள். பிறகு சாலை வந்தது, பாலம் வந்தது, மோட்டார் படகு வந்தது, வளைகுடா விசா வந்தது. துடுப்பு பிடிக்கிற வேலை போனபின் துடுப்பு பிடிக்கிற ஆள் மட்டும் எப்படி மிஞ்சுவான்?

அந்த இடத்தில்தான் கிளப்புகள் உள்ளே வந்தன. வள்ளம் ஊருடையது, ஆள் கிளப்பினுடையது என்று ஆயிற்று. வாரக்கணக்கில் முகாம், பால், முட்டை, இறைச்சி, பயிற்சியாளர். வெளிமாநிலத் துடுப்பாளர்களும் வருகிறார்கள். எத்தனை பேர்வரை என்று போட்டி விதியே உச்சவரம்பு போடுகிற அளவுக்கு. 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு ஆகஸ்ட் போட்டி செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போனது. தள்ளிவைத்தது சரியான முடிவுதான். ஆனால் முகாம்களில் உலை ஏறியபடியே இருந்திருக்கும். போட்டி தள்ளிப்போகிற ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு கமிட்டிச் செயலாளரின் கடனில் ஏறுகிறது.

2019-ல் சாம்பியன்ஸ் போட் லீக் தொடங்கியது. கிரிக்கெட் ஐபிஎல் பாணியில் ஒன்பது அணிகள், புதுப் பெயர்கள், தொலைக்காட்சி, முதலிடத்துக்கு 25 லட்சம் ரூபாய். கொச்சிக்காரர்களான எங்களுக்கு லாபம்தான். மரைன் டிரைவில் நின்றே பார்க்க முடிந்தது. முதல் லீக்கை ஜெயித்தது நடுபாகம் சுண்டன். ஆனால் பட்டியலில் அது ‘டிராப்பிக்கல் டைட்டன்ஸ்’. நடுபாகம் என்கிற பெயர் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. 1952-ல் நேரு பார்த்த முதல் போட்டியில் ஜெயித்த பெயர் அது.

பணம் வராவிட்டால் வள்ளங்கள் கரையிலேயே உளுத்துப்போகும், ஜெயிக்காத வள்ளத்துக்கு யாரும் பங்கு போட மாட்டார்கள் என்பது கிளப்காரர்கள் வாதம். இருக்கட்டும்.

கொச்சியின் தேவராவிலிருந்து வடக்கே பெரியாற்றின் முகத்துவாரப் பக்கம் போனால் இன்னும் வேறு காற்று அடிக்கிறது. அங்கே ராஜா, இருட்டுக்குத்தி என்கிற சின்ன வள்ளங்கள்தான். தமிழ் கலந்த பாட்டோடு ஆடும் சவிட்டு நாடகத்துக்குப் பேர்போன கோதுருத்து, பக்கத்துத் துருத்திப்புரம் போன்ற கரைகளின் பெயரில் அவை ஓடுகின்றன. ஆள் குறைவாகத் தேவைப்படுவதால், ஊர்ப் பையன்களை வைத்தே நிரப்பிவிடலாம். சின்னதாக இருப்பதே அவற்றுக்குக் கவசம். லீக்கின் கண் அங்கேயும் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

பனிமலையில் ஒரு விதி

இதே சண்டை தண்ணீர் உறைந்து கிடக்கும் ஊரிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பனிச்சறுக்கு மலைகளைப் பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றாக வாங்கி, ஒரே சீசன் பாஸில் கோத்துவிட்டன. வெர்மாண்ட் மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற சின்ன மலை அடம்பிடித்தது. 1995-ல் அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவு அமைத்து அதை வாங்கினார்கள். 1948-ல் போட்ட ஒற்றை ஆள் நாற்காலி லிஃப்ட் பழுதானபோது, இரட்டை நாற்காலி போட்டால் கூட்டம் ஏறும் என்று தெரிந்தும், பழைய ஒற்றை நாற்காலியையே 2007-ல் புதுப்பித்தார்கள். மலையில் கூட்டம் சேரக் கூடாது என்பது பங்குதாரர்கள் முடிவு.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய விதிப்புத்தகம். ஒருவர் நான்கு பங்குக்கு மேல் வைத்திருக்க முடியாது. பங்கு உயிரோடிருக்க, வருஷாவருஷம் சறுக்குவதற்கான ஒரு தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து ‘நானும் ஓனர்’ என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

குட்டநாட்டில் முதல் பாதி எப்போதோ நடந்துவிட்டது. வள்ளம் ஊர்ச் சொத்து. இல்லாதது இரண்டாம் பாதி. வள்ளத்தைக் கிளப்புக்குக் கொடுக்கும்போதே, இருபது பலகையாவது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முகாமில் அவர்களுக்கும் அதே முட்டை, அதே பால், அதே பயிற்சி. முதல் வருஷம் வேகம் குறையும். இருநூற்றில் ஒரு பங்கு விநாடியில் கோப்பை கைமாறுகிற காலத்தில் இது பெரிய விலைதான்.

ஆனால் தோற்றுக் கரையேறுகிறவன் அந்த ஊர்ப் பையனாக இருந்தால், அடுத்த ஆனியில் பங்குப் பணம் கேட்டு வருகிற கமிட்டிக்கு அவன் வீட்டுக் கதவு திறக்கும். ஜெயித்தாலும் முகம் தெரியாத தொண்ணூறு பேருக்காக எத்தனை வருஷம் திறக்கும் என்று கமிட்டிகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.