உங்களுக்குத் தெரியுமா? நார்த்தூளுக்கும் குளியல் வேண்டும்!

மண்ணில்லா விவசாயத்தில் தக்காளியும் வெள்ளரியும் வேர்விடும் தென்னை நார்த்தூள் கட்டிகள் பல, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனவை. ஒரு காலத்தில் நார் ஆலை வாசலில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு! தன் எடையைப்போல் சுமார் 8 மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். ஆனால் சோடியமும் பொட்டாசியமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் முழுதாகப் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால்தான் கால்சியம் உள்ளே புகுந்து அவற்றை வெளியே தள்ளும். சோம்பல்பட்டு அப்படியே நட்டால், செடிக்கு ஊற்றும் கால்சியத்தை நார்த்தூளே விழுங்கிவிடும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகக்கூடும்.

மண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் இன்னொரு பொருளான பாறைக் கம்பளிக்கு இந்த உப்புத் தொல்லை இல்லை. பசால்ட் பாறையைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கி, பஞ்சுமிட்டாய்போலச் சுழற்றி இழையாக்குகிறார்கள். காரத்தன்மை உள்ளதால் பி.எச். 5.5 அளவு நீரில் முதலில் ஊறவேண்டும். பயிர் முடிந்த பிறகுதான் தலைவலி: அது மக்கவே மக்காது.

மூன்றாவது மாற்று பெர்லைட்: எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்த பொரி. வேருக்குக் காற்று தாராளம். ஈரம் தங்குவதோ குறைவு. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் அதை மட்டும் நம்பாதீர்கள். நீர் பாய்ச்சும் பம்பு நின்றால் செடி சீக்கிரமே வாடிவிடும்.