படியூரின் கடல்நிறக் கல்

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகிற பஸ்ஸில் படியூரைத் தாண்டுவோருக்கு அங்கே இறங்கிப் பார்க்க ஒன்றும் தோன்றாது. ஆனால் 1819-20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் நடத்தி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அக்குவாமரைன் கற்களை எடுத்தார். கடல்நீரின் நிறம் கொண்ட இந்தக் கல் பெரில் என்ற கனிமத்தின் ஒரு வகை. துளி இரும்பு கலந்ததால் வந்த நிறம் அது.

ஹீத்துக்கு வெகுகாலம் முன்பே இந்த வட்டாரத்தில் கல் தொழில் நடந்திருக்கிறது. ஒரு நாள் நடைத் தொலைவில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், முடிக்காமல் விட்ட பெரில் மணிகள் அகழாய்வில் கிடைத்தன. பெரில் குவார்ட்ஸைவிடக் கடினம். தேய்க்கக் குருந்தக்கல் வேண்டும். அதுவும் பக்கத்துச் சிவன்மலையிலேயே கிடைக்கிறது! ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிது என்றார். கைவினைஞர்கள் அதை அறுபட்டையாகத் தீட்டுவதாகச் சொல்லிவிட்டு, பிறப்பிலேயே பட்டை உண்டு என்போரும் இருப்பதாகச் சேர்த்தார். அவர்கள் சொன்னதே சரி. பெரில் படிகம் வளரும்போதே ஆறு பக்கத்தோடு வளர்கிறது.

கல்லுக்குள் இருக்கும் உலோகம் பெரிலியம். பாறைக்குழம்பு ஆறும்போது ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் தமக்கு வேண்டிய அணுக்களை எடுத்துக்கொள்ளும். பெரிலியம் அளவில் மிகச் சிறியது, எங்கும் பொருந்தாது. பந்தியில் இலை கிடைக்காதவர்போல் கடைசிவரை நின்று, மிஞ்சிய குழம்போடு பாறை வெடிப்புகளில் புகுந்துவிடுகிறது. அந்த நரம்புகள்தாம் பெக்மடைட். ஓரிடத்தில் கை நிறையக் கிடைக்கும், பத்தடி தள்ளினால் ஒன்றுமிருக்காது. இது சுரங்கக்காரரின் தலைவலி.

பெரிலியமே உலகில் கொஞ்சம்தான். விண்மீன்கள் அதை உண்டாக்குவதைவிட அழிப்பதே அதிகம். விண்வெளிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போதுதான் பெரும்பாலும் பிறக்கிறது. அலுமினியத்தைவிட இலேசானது, விறைப்பானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடிகளும் பெரிலியத்தில் செய்தவை. அதன் தூசி மட்டும் நுரையீரலுக்கு நஞ்சு.

அணுசக்திக் கனிமமாகப் பெரிலியத்தை இந்திய அரசு தன் கையிலேயே வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அந்தப் பட்டியலிலிருந்து இதை நீக்கித் தனியாருக்கும் வழிவிட்டது. அதே ஆண்டு வெளியான 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலும் பெரிலியம் இருக்கிறது. இனிப் பழைய பெக்மடைட் குழிகளையும் எட்டிப் பார்க்கத் தோன்றும். படியூர் உலோகச் சுரங்கமாகும் என்று எனக்குப் படவில்லை. நகைக் கல்லுக்கு ஒரு பொந்து போதும், உலோகத்துக்கு மலையளவு பாறை வேண்டும். உலகின் பெரிலியத்தில் பெரும்பங்கைத் தரும் அமெரிக்காவின் யூட்டா தாதில், சத்து ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் பாறைக்குப் பஞ்சமில்லை.

தேடுவதிலும் ஒரு சங்கடம். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவிக்குப் பெரிலியம் தெரியாது, அவ்வளவு இலேசான அணு. அதனால் புவியியலாளர்கள் ஆன்டிமனி-124இன் காமாக் கதிரைப் பாறைமேல் பாய்ச்சுகிறார்கள். பெரிலியம் இருந்தால் ஒரு நியூட்ரான் கழன்று வெளியே வரும். கருவி அதை எண்ணிவிடும். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்ததும் பெரிலியத்திலிருந்துதான்; அங்கே மோதியது ஆல்ஃபா துகள்.